தீத்தடுப்புக் கதவுப் பரிசோதகர்: நுவரெலியாவில் யாரை நம்பி அழைப்பது?

பனிமலைவாசி (நுவரெலியா)

வணக்கம். நகரத்தில் நாலு மாடி ஹோட்டல் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. இம்முறை காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனபோது புதிதாக ஒரு தாள் கேட்டார்கள். மாடிப்படிக் கதவுகள், சமையலறைக் கதவு, பொயிலர் அறைக் கதவு என நாற்பது தீத்தடுப்புக் கதவுகளையும் தகைமையுள்ள ஒருவர் பரிசோதித்துக் கையொப்பமிட்ட அறிக்கை வேண்டுமாம். யார் தகைமையுள்ளவர் என்று கேட்டேன். "அதை நீங்களே தெரிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

இதுவரை இரண்டு பேர் விலை தந்திருக்கிறார்கள். ஒன்று, கதவுகளை இறக்குமதி செய்து விற்கும் கொழும்பு நிறுவனம். பரிசோதனை இலவசம், காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாக் கதவுகளையும் முடித்துவிடுவோம் என்கிறார்கள். மற்றவர் தனி ஆள். அட்டையில் "சர்வதேசத் தீப்பாதுகாப்பு நிபுணர்" என்று இருக்கிறது, கதவுக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார். அட்டை பளபளப்பாக இருக்கிறது. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் முகாமையாளரோ, "தீயணைப்புப் படையினர் வந்து பார்த்துக் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதே, அதையே அனுப்பிவிடு" என்கிறார்.

இன்னொரு விடயம். ஜூன், ஜூலை மழையில் மரக்கதவுகள் ஊதி இறுகிவிடும். அப்போதெல்லாம் எங்கள் தச்சர் விளிம்பைச் சீவிவிடுவார். அதையும் பரிசோதகரிடம் சொல்ல வேண்டுமா?

ஊமைக்குசும்பன் (கம்பளை)

இலவசமாக வருகிறவரை வேண்டாம் என்று சொல்லும் ஹோட்டலை இப்போதுதான் பார்க்கிறேன். காப்புறுதிக்காரருக்குத் தேவை ஒரு தாள். தாளைக் கொடுங்கள், வேலையைப் பாருங்கள்.

கண்டித் தச்சர்

சகோதரி, கடைசியில் கேட்டதுதான் உங்கள் கேள்விகளில் முக்கியமானது. கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் நல்ல பரிசோதகர் கதவைத் திறந்து விளிம்பைத் தடவிப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காதவரை அழைத்துப் பயனில்லை.

தீத்தடுப்புக் கதவின் விளிம்பில் அல்லது அதை மாட்டியிருக்கும் நிலைச்சட்டத்தில் ஒரு காடி வெட்டி, அதற்குள் வெப்பத்தில் உப்பும் பட்டி ஒன்றைப் பதித்திருப்பார்கள். தீ வந்தால் அது பல மடங்கு பருத்து, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள சந்தை அடைத்துவிடும். சீவுளி அந்தப் பட்டியைத் தொட்டாலும் போச்சு, விளிம்பில் ஒட்டியிருக்கும் கடின மரச் சட்டத்தை முழுதாகத் தின்றாலும் போச்சு. எவ்வளவு சீவலாம், எந்தப் பக்கம் சீவலாம் என்பதைக் கதவு செய்த நிறுவனத்தின் தாள்தான் சொல்லும். தச்சரின் கண் சொல்லாது. நானும் தச்சன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மழையில் ஊதிய கதவைச் சீவினால், தை, மாசியில் பகல் காய்ந்து இரவு உறைபனி விழும்போது மரம் சுருங்கும். ஜூலையில் சரியாக இருந்த சந்து பெப்ரவரியில் விரல் நுழையும் அளவுக்குப் போய்விடும். ஆகவே பரிசோதகர் எந்த மாதத்தில் அளந்தார் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

பேராதனை டு குரொய்டன்

நான் இங்கிலாந்தில் அடுக்குமாடிக் கட்டடங்களின் தீப்பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மலையகத்துக் கதவுகளை நேரில் பார்த்ததில்லை, ஆனால் பரிசோதகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் முகாமையாளர் சொன்னதைப் பற்றி. தீயணைப்புப் படையினர் கட்டடத்தை முழுதாகப் பார்க்கிறார்கள்: வெளியேறும் வழி, எச்சரிக்கை மணி, தண்ணீர்க் குழாய், அணைப்பான்கள். ஒவ்வொரு கதவின் நான்கு பக்கச் சந்தையும் மில்லிமீற்றரில் அளந்து எழுதுவது வேறு வேலை. ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக அனுப்பினால் காப்புறுதிக்காரர் திருப்பி அனுப்புவார்.

இரண்டாவதாக, ஒரு கதவு எவ்வளவு காரியம் செய்யும் என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம், லண்டனில் தீப்பிடித்த கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. 2017 ஜூன் 14 அன்று மூண்ட அந்தத் தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கிருந்து எடுத்த வீட்டு வாசற்கதவு ஒன்றைச் சோதித்தபோது, 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு ஏறக்குறைய 15 நிமிடத்தில் விட்டுக்கொடுத்தது. பல வீடுகளில் கதவைத் தானாக மூடும் குளோசர் இல்லை, அல்லது பழுதாகிக் கிடந்தது. 2023 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் 11 மீற்றருக்கு மேல் உயரமான குடியிருப்புக் கட்டடங்களில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, அட்டை. ஒரே நாளில் இணையவழி முடித்துவிடக்கூடிய பயிற்சிகள் எங்கும் உண்டு. அவை விழிப்புணர்வுக்கு நல்லவை, ஒருவரைப் பரிசோதகராக்கப் போதாதவை. சான்றிதழில் மூன்றைப் பாருங்கள். கொடுத்தது யார்? எழுத்துத் தேர்வும் கதவின் முன் நின்று செய்யும் செய்முறைத் தேர்வும் இருந்தனவா? எந்த ஆண்டு வரை செல்லும்? பிறகு சான்றிதழ் கொடுத்த அமைப்பின் இணையத்தளத்தில் அவருடைய பெயரைத் தேடுங்கள். பெயர் இல்லை என்றால் அட்டை அச்சகத்தில் பிறந்தது.

டீமேக்கர் ஓய்வு (தலவாக்கலை)

பிள்ளை, நான் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆயுள் முழுக்க விறகு அடுப்புக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் பக்கத்தில் நின்றவனுக்குத் தீயைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கதவு விற்கிறவனையே கதவைப் பார்க்கச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். தான் விற்ற கதவு என்றால் எல்லாம் சரி என்பான். வேறு ஆள் விற்றது என்றால் எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போடச் சொல்வான். இரண்டுக்கும் அவனிடம் அளவுகோல் தேவைப்படாது.

அரை நாளில் நாற்பது கதவு என்கிறார்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு மணித்தியாலம் என்றால் கதவுக்கு ஆறு நிமிடம். அதற்குள் கதவை முழுதாகத் திறந்து விட வேண்டும், பாதி திறந்து விட வேண்டும், ஒரு சாண் திறந்து விட வேண்டும். மூன்று முறையும் தானாக மூடிப் பூட்டின் நாக்கு நிலைக்குள் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிணைச்சல் திருகாணிகளை எண்ண வேண்டும், சந்தை அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், எழுத வேண்டும். மாடி ஏறும் நேரம் வேறு. அவர்கள் கதவைப் பார்க்கப் போவதில்லை, கதவு வழியாக நடக்கப் போகிறார்கள்.

ஊமைக்குசும்பன் (கம்பளை)

ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். நல்ல ஆளைக் கூலி கொடுத்து அழைக்கிறோம். அவர் வந்து முப்பது கதவு பிழை என்று எழுதிவிட்டுப் போகிறார். இப்போது ஹோட்டலுக்குப் பிழை தெரியும் என்று எழுத்தில் இருக்கிறது. திருத்தப் பணம் இல்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரர் அதே தாளைக் காட்டிப் பணம் தர மறுப்பார். அப்போது இந்தப் பரிசோதகர் எங்கே இருப்பார்?

பண்டாரவளைக் கணக்காளர்

நக்கலாகச் சொன்னாலும் குசும்பன் கேட்டது நியாயமான கேள்வி. அறிக்கை வந்த பிறகு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து. அறிக்கை கேட்காமலே இருப்பது அதைவிட ஆபத்து, ஏனென்றால் ஒப்பந்தத்தில் அதை ஒரு நிபந்தனையாக எழுதியிருக்கலாம். ஆகவே பரிசோதகரோடு பேசும்போதே, பிழைகளைத் தரம் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: உடனே திருத்த வேண்டியது, மூன்று மாதத்துக்குள் திருத்த வேண்டியது, அடுத்த பருவம் வரை பொறுக்கக் கூடியது. அந்த வரிசையோடு ஒரு வேலைத்திட்டத்தையும் செலவு மதிப்பீட்டையும் இணைத்துக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினால், பிழை தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூலி பற்றியும் சொல்கிறேன். கதவுக்கு இவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் திருத்திய பிறகு திரும்பி வந்து பார்ப்பது அதில் சேருமா, போக்குவரத்தும் தங்குமிடமும் யார் தலையில் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வருகிறவருக்கு இரண்டாவது பயணம் என்பது பெரிய செலவு. தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். "அப்போது இவர் எங்கே இருப்பார்" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பேராதனை டு குரொய்டன்

சுயாதீனம் பற்றி டீமேக்கர் ஐயா சொன்னதற்கு ஒரு முறையான வடிவமும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 17020 என்பது பரிசோதனை செய்யும் நிறுவனங்களுக்கான தரம். அது நிறுவனங்களை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஏ வகை நிறுவனம் தான் பரிசோதிக்கும் பொருளைச் செய்வதோ, விற்பதோ, பொருத்துவதோ, பராமரிப்பதோ கூடாது. இலங்கையில் இப்படியான அங்கீகாரத்தைக் கொடுப்பது, 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த, ஸ்லாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அங்கீகாரச் சபை. ஒருவர் "நாங்கள் அங்கீகாரம் பெற்றவர்கள்" என்றால், எந்த வேலைக்கு என்று கேட்டு அந்த அட்டவணையை வாங்கிப் படியுங்கள். மின்தூக்கிக்கு வாங்கிய அங்கீகாரம் கதவுக்குச் செல்லாது. பொறியியலாளர் என்று சொன்னால், 2017இன் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த பொறியியல் பேரவையில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். அவர் பொறியியலாளர் என்பதை அது நிரூபிக்கும். கதவு தெரிந்தவர் என்பதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

பனிமலைவாசி (நுவரெலியா)

எல்லோருக்கும் நன்றி. கதவு தெரிந்தவரா என்பதை எப்படிச் சோதிப்பது? எனக்கே கதவு தெரியாதே.

பேராதனை டு குரொய்டன்

தெரிய வேண்டியதில்லை. அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நல்லவர் விலை சொல்வதற்கு முன்பே, "இந்தக் கதவுகள் எந்தத் தரப்படி சோதிக்கப்பட்டவை" என்று கேட்பார். இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 80இன்படி மரக்கதவின் மேலும் பக்கங்களிலும் சந்து எட்டில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வரை போகலாம். கீழே முக்கால் அங்குலம், 19 மில்லிமீற்றர் வரை விடலாம். பிரித்தானிய முறையில், பி.எஸ். 476 பகுதி 22 அல்லது பி.எஸ். ஈ.என். 1634-1 படி சோதித்த கதவுக்குப் பக்கங்களில் 2 முதல் 4 மில்லிமீற்றர் என்பது வழக்கம். கீழ்ச் சந்துக்குக் கதவு செய்தவர் கொடுத்த அளவைப் பார்க்க வேண்டும், அது பெரும்பாலும் 19ஐ விட மிகக் குறைவு. ஆகவே கீழே 15 மில்லிமீற்றர் சந்துள்ள ஒரு கதவு ஒரு தரப்படி தேறும், இன்னொன்றின்படி தவறும். எந்தத் தரம் என்று கேட்காமல் அளக்கிறவர் என்ன எழுதினாலும் அதற்குப் பெறுமதி இல்லை.

அடுத்து லேபிள். அமெரிக்க முறைக் கதவில் பெரும்பாலும் பிணைச்சல் பக்க விளிம்பில் உலோகத் தகடு இருக்கும். பிரித்தானிய முறைக் கதவில் பெரும்பாலும் மேல் விளிம்பில் லேபிள் இருக்கும், அல்லது விளிம்பு மரத்தில் அடித்த நிறப் பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். மேல் விளிம்பைப் பார்க்க ஏணி வேண்டும், அல்லது நீட்டிய கையில் கண்ணாடியோ கைபேசியோ வேண்டும். பரிசோதகர் இவற்றில் ஒன்றும் இல்லாமல் வந்தால் மேல் விளிம்பைப் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

கண்டித் தச்சர்

நான் சொல்வது இன்னும் எளிது. மூன்று கதவுகளை நீங்களே தெரிவு செய்து, அவரை உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று சீவிய கதவாக இருக்கட்டும். ஒன்று, எப்போதும் செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கும் சமையலறைக் கதவாக இருக்கட்டும் (உங்கள் ஹோட்டலிலும் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும்). மூன்றாவது இரட்டைக் கதவு. இரட்டைக் கதவில் எந்தப் பக்கம் முதலில் மூட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. தவறான பக்கம் முதலில் மூடினால் மற்றது அதன் மேல் தங்கி நின்றுவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பார்க்காதவர் இரட்டைக் கதவு பார்த்துப் பழகாதவர்.

அவர் மேலே பார்க்கிறாரா என்றும் பாருங்கள். கதவுக்கு மேல் பொய்க்கூரைப் பலகையைத் தூக்கினால், சுவர் அடுத்த தளம் வரை போகாமல் பாதியில் நிற்பதையோ, இணையக் கம்பிக்காகத் துளைத்த ஓட்டை வாய் பிளந்திருப்பதையோ காணலாம். கதவு தங்கமாக இருந்தும் புகை மேலால் போய்விடும்.

ஊமைக்குசும்பன் (கம்பளை)

செங்கல் முட்டு பற்றி ஒன்று சொல்லட்டுமா? எங்கள் மாமா வேலை செய்த இடத்தில் பரிசோதனை நாளன்று மட்டும் செங்கல்லை எடுத்து ஒளித்து வைப்பார்கள். பரிசோதகர் போனதும் செங்கல் வேலைக்குத் திரும்பிவிடும். யாரை அழைத்தாலும் இதை என்ன செய்வீர்கள்?

டீமேக்கர் ஓய்வு (தலவாக்கலை)

தம்பி, தரையில் செங்கல் தேய்த்த கோடு இருக்கும், கதவின் அடியில் சிவப்புப் பொடி இருக்கும். பார்க்கிறவனுக்குத் தெரியும். தட்டோடு போகிற பையன் ஒரு நாளைக்கு நூறு முறை அந்தக் கனத்த கதவைத் தள்ளுவதில்லை, முட்டுத்தான் கொடுப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை. அங்கே மின்காந்தப் பிடி போடச் சொல்லி எழுதுகிறவர்தான் பரிசோதகர். எச்சரிக்கை மணி அடித்தால் பிடி விடும், கதவு தானாக மூடும். "முட்டுக் கொடுக்கக் கூடாது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் மனிதர்களைப் பார்க்கவில்லை.

பனிமலைவாசி (நுவரெலியா)

சில வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், பருவகாலக் கூட்டம், ஏப்ரலில் இங்கே மூச்சு விட நேரமிருக்காது.

கொழும்பு நிறுவனத்திடம் முன்பு செய்த அறிக்கை ஒன்றின் மாதிரியை, பெயர்களை மறைத்துத் தரச் சொன்னேன். ஒரே பக்கம் வந்தது. "எல்லாக் கதவுகளும் திருப்திகரமான நிலையில்" என்று ஒரு வரி, கீழே முத்திரை. அவர்களுக்கு நன்றி சொல்லி விட்டுவிட்டேன்.

அட்டைக்காரரிடம் தச்சர் அண்ணன் சொன்ன மூன்று கதவுச் சோதனையைக் கேட்டேன். வந்தார். சான்றிதழ் உண்மையானதுதான், அந்த அமைப்பின் பட்டியலில் பெயர் இருந்தது. சமையலறைக் கதவில் நன்றாகவே பார்த்தார். செங்கல் கோட்டைக் கண்டார், டீமேக்கர் ஐயா சொன்னது போலவே. இரட்டைக் கதவில் மூடும் ஒழுங்கையும் பார்த்தார். சீவிய கதவில்தான் என் மனம் அவர் பக்கம் சாய்ந்தது. பட்டி பாதி போயிருக்கிறது, லேபிள் மேல் நிறப்பூச்சு பூசியிருக்கிறது, எனவே இதை நான் தேறியது என்றும் எழுத மாட்டேன், எந்தத் தரம் என்று தெரியாமல் தவறியது என்றும் எழுத மாட்டேன், முதலில் பூச்சை மெல்லச் சுரண்டிப் பார்ப்போம் என்றார். சுரண்டியதில் பிரித்தானிய முறைக் குறி தெரிந்தது.

அவரையே ஒப்பந்தம் செய்தோம். இரண்டு நாள் கேட்டிருக்கிறார். திருத்தம் முடிந்ததும் ஒரு மீள்பரிசோதனையும் கூலிக்குள் அடங்கும். திருத்த வேலையை அவர் செய்யக் கூடாது என்றும் எழுதிக்கொண்டோம். முகாமையாளர் கொஞ்சம் முணுமுணுத்தார். இலவசத்தை விட்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

பண்டாரவளைக் கணக்காளர்

நல்லது. அறிக்கையில் ஒவ்வொரு கதவுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, தளப்படத்திலும் அதே இலக்கத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். "இரண்டாம் மாடி இடப்பக்கக் கதவு" என்று எழுதினால் இவர் எந்தப் பக்கம் நின்று இடப்பக்கம் என்று எழுதினார் என்று அடுத்த வருடம் வருகிறவர் தேட வேண்டியிருக்கும். என்.எஃப்.பி.ஏ. 80 வருடம் ஒரு முறை பரிசோதனையும், கையொப்பமிட்ட பதிவைக் குறைந்தது 3 வருடம் வைத்திருப்பதையும் கேட்கிறது. உங்கள் கதவு வேறு முறை என்றாலும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்வதில் நட்டமில்லை.

கொழுந்துமடுவம் (பொகவந்தலாவை)

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தொழிற்சாலையில் உலர்த்தும் பகுதிக்கும் தரம்பிரிக்கும் பகுதிக்கும் நடுவே பழைய தகரம் அடித்த நகரும் கதவு ஒன்று இருக்கிறது. சரிவான தண்டவாளத்தில் தொங்குகிறது, ஒரு சங்கிலியும் எடைக்கல்லும் உண்டு. நுவரெலியாவுக்கு வருகிற அதே பரிசோதகரை இங்கேயும் அழைத்தால் போதுமா?

டீமேக்கர் ஓய்வு (தலவாக்கலை)

அவரிடம் முதலில் கேளுங்கள், நகரும் கதவு பார்த்திருக்கிறாரா என்று. பரிசோதிப்பவர் தான் பார்க்கும் அந்த வகைக் கதவின் இயங்கு பாகங்களைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுதான் அமெரிக்கத் தரமும் சொல்கிறது. ஹோட்டல் கதவில் கைதேர்ந்தவருக்கு உங்கள் கதவு புதுச் சாமானாக இருக்கலாம். தெரியாது என்று நேர்மையாகச் சொன்னால், தெரிந்த ஒருவரை அவரே காட்டுவார்.

உங்கள் கதவின் உயிர் சங்கிலியில் உள்ள உருகும் இணைப்பில் இருக்கிறது. ஈயம் போன்ற பற்றாசால் ஒட்டிய இரண்டு தகடுகள், பொதுவாக 74 பாகை செல்சியஸ் அளவில் உருகிப் பிரியும். பிரிந்ததும் கதவு தன் எடையால் சரிந்து மூடும். வருடா வருடம் தொழிற்சாலைக்குப் பூச்சுப் பூசும்போது அதற்கும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். பூச்சு ஏறிய இணைப்பு நேரத்துக்கு உருகாது. சுரண்டிச் சுத்தம் செய்ய முயலாமல் மாற்றிவிட வேண்டும். தேயிலைத் தூசு படிந்தாலும் கவனிக்க வேண்டும். வருகிறவர் இணைப்பைக் கழற்றிக் கதவை உண்மையாகவே ஓடவிட்டு, அது கடைசி வரை போய் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடவிட மறுக்கிறவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆள் கிடைக்கும் வரை பொறுக்க வேண்டாத வேலை ஒன்றும் இருக்கிறது. அந்தக் கதவு ஓடும் பாதையில் தேயிலைச் சாக்குகள் அடுக்கியிருந்தால் அவற்றை இன்றைய வேலை முறை முடிவதற்குள் எடுக்கச் சொல்லுங்கள்.